கேட்டுவிட்டுப் பாடியவள்

எங்கள் ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறவர் அவள் எழுந்து நின்றாலே விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். எந்தச் சுருதியில் தொடங்குவாள் என்பது அவளுக்கே தெரியாது. முதல் வரி ஓரிடத்தில் இருக்கும், இரண்டாம் வரி அதற்கு மேலே ஏறிப் போயிருக்கும். "துரத்திப் பிடிக்க நான் என்ன போலீசா?" என்று ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் புலம்புவார். "நீ எதுக்குய்யா துரத்துத? நான் திரும்பி வருவேம்லா, அங்கனயே நில்லு" என்பாள் அவள்.

தெரு முழுக்க அவளுக்குச் சித்தி என்பதுதான் பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். எதிர்ச் சரிவில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. நாலு சுவருக்குள் அதற்கு இடம் போதாது. ஜன்னல் கண்ணாடி அதிர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

காணிக்கை எடுப்பதற்கு முன்னால், ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் சபைப் போதகர், "ஸ்தோத்திரம் சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். பிறந்தநாள், திருமண நாள், பரீட்சையில் பாஸ், வீட்டுக்கு அஸ்திவாரம் என்று ஒருவரோ இருவரோ எழுந்து, இரண்டு வாக்கியம் சொல்லி, தெரிந்த பாட்டில் ஒரு சரணம் பாடி உட்காருவார்கள். சித்தி எல்லா ஞாயிறும் எழுந்திருப்பாள். பாட்டுப் புத்தகம் அவளுக்கு வேண்டாம். சொந்தமாகக் கட்டிப் பாடுவாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் யானை வந்து, அவள் வைத்திருந்த ஏழு வாழையையும் முறித்துத் தின்றுவிட்டுப் போன வாரம்கூட எழுந்தாள். "வாழையோடு விட்டீரே, வாசல் பக்கம் விடலையே" என்று பாடினாள். பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தது. ஐயர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

நான் பாலக்காட்டின் கிழக்கே, கோவிந்தாபுரத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தச் சித்திரபுரத்துக்கு வந்தவள். என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் ஊர்ச் சபை சின்னது, அடக்கமானது. அங்கே நன்றி சொல்வதென்றால் தலையைக் குனிந்து முணுமுணுப்பதுதான். எனவே சித்தியைப் பார்த்து முதலில் கூச்சப்பட்டேன். என் பேச்சைக் கேட்டு அவளுக்கோ ஒரே சிரிப்பு.

"ஏனுங்க சித்தி, காப்பி குடிக்கறீங்களா?"

"ஏட்டி, உன் வாய்க்குள்ள கொசு எதுவும் இருக்கா? எதுக்கெடுத்தாலும் ங்க, ங்க!"

"அப்புறம் எப்படிங்க சொல்றது?"

"இதோ, திரும்பவும் கடிச்சிட்டு!"

கல்யாணமான இரண்டாம் வருடம், ஏழாம் மாதத்திலேயே, எனக்கு முதல் குழந்தை இறந்து பிறந்தது. பையன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். நான்கு வாரம் கழித்துத்தான் ஆலயத்துக்குப் போனேன். கணவர்தான் வற்புறுத்தினார். மூன்றாவது பெஞ்சில், சுவரோரம் உட்கார்ந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்காக அவர்கள் எல்லோர் மேலும் எனக்கு அன்பாக இருந்தது.

சித்தி அந்த மாதம் முழுக்க ஊரில் இல்லை. கண்ணில் புரை எடுக்கத் திருநெல்வேலிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். முந்தைய நாள் சாயங்காலம்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். வந்து பார்த்தால் அவள் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஐயர் கேட்ட கேள்வி முடிவதற்குள் எழுந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். "ஒண்ணு கேட்டேன் ரெண்டு தந்தீர், ஒரு குறையும் இல்லாமத் தந்தீர், முட்டி முட்டிப் பால் குடிக்க மூச்சோட தந்தீரே."

மூச்சோட.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பெஞ்சு தரையில் உராய்ந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும். முழுப் பாட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே என் பின்னாலேயே வீடுவரை வந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு கண் சிவந்திருந்தது. நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதுட்டி" என்றாள்.

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.

"தெரிஞ்சிருந்தா பாடியிருக்க மாட்டேம்னு சொல்ல வரல. பொய் சொல்லப்படாது. தெரிஞ்சிருந்தா உங்கிட்டக் கேட்டுட்டுப் பாடியிருப்பேன். கேக்காமப் பாடுனதுதான் தப்பு."

"ஆட்டுக்குட்டிக்குங்களா என்னைக் கேப்பீங்க?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆட்டுக்குட்டியா இருந்தாலும் அது உயிரோட பெறந்துச்சுல்லா" என்றாள். பிறகு, "நாளைக்குக் கண்ணு தெளிஞ்சதுக்குப் பாடணும். பாடட்டுமாட்டி?" என்று கேட்டாள்.

"வேண்டாமுங்க."

"சரி."

அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து, "பாலில்லாம கட்டன் சாயா இருந்தா குடு, கால் வலிக்கு" என்றாள். கொடுத்தேன். குடித்தாள். ஆலயத்துக் கூரை ஒழுகுவதையும், புதிதாக வந்திருக்கும் கங்காணிக்கு ஒரு சொல்லும் காதில் விழாது என்பதையும், திருநெல்வேலியில் அக்கா மகன் செய்கிற அட்டகாசத்தையும் சொன்னாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஐயர் கேட்டபோது எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் எழவில்லை. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். வலது உள்ளங்கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. முதலில் மெல்ல, பிறகு வேகமாக, பிறகு மறுபடி மெல்ல. உள்ளே ஒரு பாட்டு ஓடி முடிகிறது என்று தெரிந்தது. ஆராதனை முடிந்ததும் ஐயர் அவளிடம் வந்து, "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. உத்தரவு கெடைக்கல" என்றாள். யார் உத்தரவு என்று அவர் கேட்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். ஒவ்வொரு முறையும் பாட ஒரு காரணம் இருந்தது. ரேஷன் கார்டு சரியாகி வந்துவிட்டது. அட்டை கடித்த புண் ஆறிவிட்டது. பக்கத்து லயத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த இரண்டு வீடு ஒரே அடுப்பில் சோறு பொங்கியது. "பாடட்டுமாட்டி?" என்பாள். நான் வேண்டாம் என்பேன். "சரி" என்று உட்காருவாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மறுப்பதில் எனக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. கடவுளிடம் எனக்கு இருந்த வழக்கில், அவருக்குப் பிடித்த ஒரு குரலை நான் அடைத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு அற்ப எண்ணம். கணவர் ஒருநாள், "பாவம், அந்த அம்மாவப் பாட விடேன். ஆலயமே செத்த வீடு மாதிரி இருக்கு" என்றார். சொன்ன பிறகு, சொன்ன சொல்லை நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்தியோ குறைப்பட்டுக்கொள்ளவே இல்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள்: "உள்ள கெடந்து ஊறுதுட்டி. ஊறட்டும். ஊறுகா கெட்டா போவுது?"

மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. மத்தியானம் போயிற்று. மூன்று மணி ஆனது. அடுப்பைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன். அவை எத்தனை நேரமாக அங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். பதினைந்து நிமிட நடை. வழியெல்லாம் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மனம் அடித்துக்கொண்டது. எல்லாவற்றிலும் கெட்டதையே முதலில் நினைக்கும் இந்தப் புத்தி எனக்கு அப்போதே வந்துவிட்டது.

சித்தி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மேலே மஞ்சள் பத்து.

"படியில வழுக்கிட்டு. கேக்க வர முடியலட்டி. அதனால நாளைக்குப் பாட மாட்டேன், பயப்படாத" என்றாள்.

நான் ஈரக் குடையோடு வாசலில் நின்றேன். "இந்த வாரம் எதுக்குப் பாட இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குத்தான்" என்று காலைக் காட்டினாள். "ஒடியல பாத்தியா. சுளுக்குதான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. அதை நிறுத்தத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தபோது அது அழுகையாக மாறியிருந்தது. அவள் எழுந்து வர முடியாததால், "கிட்ட வாட்டி, கிட்ட வா, எனக்கு நடக்க ஏலாது" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். போய் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். மஞ்சள் வாசம். முதுகில் அவள் கை தட்டியது. அதே தாளம். அவளுக்கு அது நிற்கவே இல்லை.

"நாளைக்குப் பாடுங்க சித்தி" என்றேன்.

"கொசு போயிட்டுப் பாத்தியா, ஒரு தடவதான் 'ங்க' வந்திருக்கு" என்றாள்.

மறுநாள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவளை ஆலயத்துக்குக் கூட்டி வந்தார்கள். ஊறிக் கிடந்த அத்தனையையும் பாடினாள். கண், ரேஷன் கார்டு, அட்டைப் புண், ஒரே அடுப்பு, சுளுக்கு. ஐயர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். கீபோர்டுக்காரர் துரத்தத் தொடங்கினார். ஆட்டுக்குட்டிகளைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சாகும்வரை அவற்றைப் பற்றி அவள் பாடியதில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஜெனி பிறந்தாள். எனக்கு அவளைத் தூக்கவே பயம். மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நன்றி சொல்லி எழுந்து நின்றால் யாரோ கேட்டுவிட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தோன்றியது. "நீ பாடுதியா, நான் பாடட்டுமா?" என்றாள் சித்தி. "நீங்களே பாடுங்க" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாடிய பாட்டு முழுதும் எனக்கு ஞாபகமில்லை. "மெல்லத் தந்தாலும் தந்தீரே" என்ற ஒரு வரி இருக்கிறது.

அந்தப் பாட்டுக்கு முந்தைய நாள் அவள் எங்கே போனாள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் பதினாலு வருடமாகக் குழந்தையில்லாத தம்பதி இருந்தார்கள். சித்தி அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த அக்காதான் என்னிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்குக் கொழந்த விசேஷம் எதுக்கும் யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. சங்கடப்படுவோம்னு நெனச்சு ஒதுக்கிருவாங்க. சித்தி ஒருத்திதான் வந்து உக்காந்து, 'பாடட்டுமாட்டி'ன்னு கேட்டா. பாடுங்கன்னேன். மனசாரத்தான் சொன்னேன்."

என்னிடம் தொடங்கியது என்னோடு நிற்கவில்லை. வேலை நிரந்தரமானவனுக்காகப் பாடுவதற்கு முன் வேலை போனவன் வீட்டுக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பாடுவதற்கு முன் நிச்சயம் முறிந்த வீட்டுக்குப் போனாள். சிலர் பாடு என்றார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கதவை மறுபடி தட்டினாள். நடந்து நடந்து கால் தேய்ந்த பிறகுதான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்கும்.

சித்தி போய் ஆறு வருடமாகிறது. அவளுக்கு ஒரே மகன். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எங்கேயோ இருக்கிறான் என்று மட்டும் செய்தி வரும். அடக்கத்துக்கும் வரவில்லை. சித்தி இருந்தவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் ஆலயத்தில் யாராவது ஒருத்தி, மகன் லீவில் வந்திருக்கிறான் என்று எழுந்து ஸ்தோத்திரம் சொல்வாள். கூட்டத்திலேயே பலமாகக் கை தட்டுவது அவள்தான். அத்தனை வருடத்தில் எங்களில் ஒருத்தியாவது முந்தைய நாள் அந்த லயத்துக்கு இறங்கிப் போய், "சித்தி, பாடட்டுமா?" என்று கேட்டோமா? நான் கேட்கவில்லை. ஜெனியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்கத் தோன்றவில்லை.

இப்போது இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது.

ஐந்து வாரத்துக்கு முன்னால், மழை நாளில், அடிமாலியில் படிக்கும் ஜெனியும் அவள் தோழியும் ஒரு ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மேட்டிலிருந்து மண் சரிந்து ஜீப்பின் ஒரு பக்கத்தில் விழுந்தது. மறுபக்கம் இருந்த என் மகள் தோள்பட்டை எலும்பு முறிவோடு பிழைத்தாள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவள் அம்மா செல்வி எங்கள் ஆலயத்தில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள். அவள் ஜடையைப் பார்த்தபடி பத்து வருடம் பாடியிருக்கிறேன்.

அன்றிலிருந்து வெளியே ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. போன வாரம் ஜெனி கையில் கட்டோடு வந்து அடுக்களையில் நின்று, "அம்மா, நான் அடுத்த ரூம்லதான் இருக்கேன். எதுக்கு எனக்குப் போன் பண்றீங்க?" என்றாள். நான் பண்ணியது எனக்கே தெரியவில்லை.

புதிதாக வந்திருக்கும் இளம் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "இந்த ஞாயிறு பிள்ளைக்காக ஸ்தோத்திரம் சொல்லி ஒரு பாட்டுப் பாடிடுங்களேன் அக்கா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். செல்வியின் ஜடைக்குப் பின்னால் எழுந்து நின்று நான் எதைப் பாடுவது? பாடாமலும் இருக்க முடியவில்லை. கிடைத்ததற்கு வாய் திறக்காத நன்றி கெட்டவள் என்று கடவுள் கணக்கு வைத்து, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? படித்தவள்தான் நான். ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது. ஜெனியிடம் சொன்னேன். "சித்தி இருந்தா என்னம்மா செஞ்சிருக்கும்?" என்றாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலய வாசலில் நடந்தவள் அல்லவா.

நேற்று சனிக்கிழமை. செல்வி வீட்டுக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. கண்ணில் பட்டால் என் முகம் அவளுக்கு வலிக்கும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கப்பை எனும் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "செல்வி, ஜெனி பொழச்சதுக்கு நாளைக்குப் பாடச் சொல்றாங்க" என்றேன். "நான் பாடட்டுமா?"

அவள் கத்தி நின்றது.

"வேண்டாம்க்கா" என்றாள்.

"சரி" என்றேன்.

எனக்குள் என்னவோ ஒன்று இறங்கியது. ஐந்து வாரத்தில் முதல் முறையாக முழு மூச்சு வந்தது. சித்தி ஏன் எங்கள் படியில் அவ்வளவு சுலபமாக உட்கார்ந்தாள் என்பது புரிந்தது. இன்னொரு கத்தியை எடுத்து நானும் ஒரு கிழங்கைச் சீவினேன். செல்வி தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தோல இவ்வளவு தடியாச் சீவுனா கிழங்கு எங்கக்கா மிஞ்சும்?" என்றாள். மெல்லியதாகச் சீவினேன். அவள் மகள் கப்பை என்றால் மீன் குழம்பு இல்லாமல் தொடமாட்டாள் என்று சொன்னாள். பெயரைச் சொல்லித்தான் சொன்னாள். நான் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னேன். ஐந்து வாரமாக என் வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

கிளம்பும்போது படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, அடுத்த சனிக்கிழமயும் வந்து கேப்பியளா?"

"கேப்பனுங்க" என்றேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை.

இன்று காலை ஐயர் ஸ்தோத்திர நேரத்தில் என்னைப் பார்த்தார். தலையசைத்து மறுத்தேன். முன் பெஞ்சு காலியாக இருந்தது. ஜெனி என் இடது பக்கம் உட்கார்ந்து, கட்டில்லாத கையால் என் சேலையைத் தொட்டாள். நான் கீழே பார்த்தேன். என் வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது.